ஏழு பூஜ்ஜியம்

"ஏம்மா, இந்தப் படிவத்தை வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதினியா, இல்ல பஸ்ல உக்காந்து நீயே நிரப்பினியா?"

கேட்டது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதுவும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எதிரே நின்றது சர்வே எடுக்கும் பெண். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, 'தினமும் எத்தனை நிமிஷம் வெயிலில் இருக்கிறீர்கள்' என்று ஏழு நாள் கணக்கையும் கேட்டு எழுதிக்கொண்டு வருவாள். ரத்த முடிவு வர நாளாகும். அதற்குள் இந்தப் படிவங்களை வைத்தே ஊரில் எத்தனை பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கும் என்று சொல்ல ஒரு புள்ளியியல் மாடல் போட்டு வைத்திருக்கிறேன். அதுதான் என் வேலை.

படிவத்தில் பெயர், விலாசம் எதுவும் இருக்காது. எண் மட்டும்தான். விலாசமும் போன் நம்பரும் வேறு பிரிவில் இருக்கும். இது 417. பெண், வயது நாற்பத்தாறு, நோய் நொடி இல்லை. வெயில் கட்டத்தில் ஞாயிறு பூஜ்ஜியம், திங்கள் பூஜ்ஜியம், இப்படியே ஏழு நாளும் பூஜ்ஜியம்.

"அவங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்."

"கை கால் நல்லா இருக்கிற பொம்பளை ஏழு நாளா ஒரு நிமிஷம்கூட வெளியில வரலையா? ஜெயில்லகூட காலாற நடக்க விடுவாங்கம்மா!"

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"சார், தனியா ஒரு நிமிஷம் பேசலாமா?"

"தனியா என்ன பேச்சு? எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"நீங்களே ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார்."

"நான் என் வீட்டுக்கே ஒழுங்கா போறதில்லை. இதுல அடுத்தவன் வீட்டுக்கு வேற போகணுமாக்கும்!"

மறுபடி சிரிப்பு.

"பொய்யின்னு மட்டும் எழுதிடாதீங்க சார். எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

ஒரு படிவம் பொய் என்று நான் குறிப்பு எழுதினாலே போதும், அவள் வேலை போய்விடும். ஒப்பந்த வேலை. சந்தேகம் வந்தால் முதலில் அந்த வீட்டுக்குப் போன் செய்து சரிபார்க்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். யார் போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? பொய் என்றே எழுதிவிட்டேன்.

அந்த ஏழு பூஜ்ஜியத்தையும் 'பதில் இல்லை' என்று மாற்றினேன். பதில் இல்லாத இடத்தில் சராசரியைப் போட்டு நிரப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். நாளுக்கு முப்பத்தெட்டு நிமிஷம் வெயில். 417-க்குக் குறைபாடு இல்லை என்று மாடல் சமர்த்தாகச் சொன்னது. அந்தப் பெண் அடுத்த திங்கள்கிழமையிலிருந்து வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். முட்டி வலிக்கிறது என்று அவள் ஆறு மாதமாகச் சொல்கிறாள். வயசாகுதில்ல என்று நானும் ஆறு மாதமாகச் சொல்கிறேன்.

மேஜையில் எங்கள் ஆபீஸ் உறை கிடந்தது. பிரித்தேன்.

எண் 417. வைட்டமின் டி அளவு ஆறு.

இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு.

"இது... உன்னோடதா?"

"ஆமாங்க. ஒரு பொண்ணு வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனா. வெயில்ல எவ்வளவு நேரம் இருப்பீங்கன்னு கேட்டா. மாமாவைப் படுக்கையில விட்டுட்டு நான் எங்க போறது? பூஜ்ஜியம்னு எழுதிக்கோம்மான்னேன்."

அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம். எங்கள் வீடு நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். காய்கறி வாசலுக்கே வந்துவிடும், துணி கூடத்திலேயே காயும். இவள் கடைசியாக எப்போது படியிறங்கினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஊருக்கே கணக்குப் போடுகிறவனுக்கு அது தெரியவில்லை. கட்டினவள் மேல் படாத வெயிலை நானே உட்கார்ந்து நிமிஷக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா நீங்க என்னிக்குக் காதுல வாங்கியிருக்கீங்க? அவ கிளம்பும்போது சுவத்துல உங்க போட்டோவைப் பார்த்துட்டு, 'ஐயோ, இவர் எங்க சாராச்சே, நான் சொல்லிப் பார்க்கட்டுமாக்கா'ன்னா. சரி, அவ சொன்னாலாவது கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"நீ என்ன சொன்னே?"

"சொல்றதா இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லும்மா, நாலு பேர் முன்னாடி மட்டும் சொல்லிடாதே, அவருக்குத் தலைகுனிவாப் போயிடும்னேன். என்ன ஆனாலும் சொல்ல மாட்டேன்க்கான்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனா."

தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு அவள் கேட்டாள்.

"தங்கமான பொண்ணுங்க. இன்னும் உங்க ஆபீஸ்லதானே இருக்கா?"