பதினொரு மணிக்குப் பிறகு ஆறு டிக்

புண் வராத முதுகுக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று விலை சொன்னார், வீட்டுப் பராமரிப்பு கம்பெனி நடத்தும் ஜெயசீலன். இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து அட்டவணையில் டிக் போடுவார்களாம், இவரே சரிபார்த்துக் கையெழுத்திடுவாராம். வத்தல் கடையில் நாற்பது வருஷம் தராசு பிடித்த தங்கபுஷ்பம், படுத்த படுக்கையாகிவிட்ட கணவருக்காக, பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். தொற்று வரும் என்று கம்பெனி ஆட்கள் அவளைக் கட்டில் பக்கமே விடவில்லை.

இன்று காலை பதினொரு மணிக்குக் கணவர் போய்விட்டார். குளிப்பாட்டும்போதுதான் அவள் அந்த முதுகைப் பார்த்தாள்.

மதியம் மாலையோடு வந்த ஜெயசீலனிடம் அட்டவணையை நீட்டினாள். காலையிலேயே மொத்தமாகப் போட்ட டிக்குகள் இரவு பத்து மணி வரை வரிசையாக நின்றன. அடியில் அவர் கையெழுத்து.

“செத்த மனுசன ஆறு தடவ புரட்டிருக்கீங்களே தம்பி!”

“பசங்க தெரியாமப் போட்டுட்டானுங்கம்மா. இந்த மாசப் பணம் வேண்டாம்.”

“பணத்த யாரு கேட்டா? எழுதிக் குடுத்த சரக்கு வந்து சேரணும்ல. மாலைய வச்சிட்டு வாங்க.”

உறவுக்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். ஜெயசீலன் குனிந்து உடலை ஒருக்களித்துப் புரட்டினார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நல்லாப் பாருங்க,” என்று அவள் பேனாவைத் திறந்தாள். “ஒண்ணு ஆச்சு. பாக்கி அஞ்சு.”