ஆறாவது டம்ளர்

பொழுது சாய்வதற்குள் ரிஷபதாஸ் ஒரு வாய் தண்ணீர் குடித்தாக வேண்டும். அது சமண வீடு. இருட்டிவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

எவர்சில்வர் டம்ளர்கள் துலக்கக் கிடந்தன. அவரே அலமாரியைத் திறந்து, தன் ரோஜாநிறக் கண்ணாடி டம்ளர்களில் ஒன்றை எடுத்தார்.

பிராமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூசி துடைக்கக்கூட மனைவியை விடாத மனிதர்.

“நான் தொட்டா மட்டும் அந்தக் குதி குதிப்பீங்க?”

“இதுல குடிச்சா ஒண்ணும் ஆவாதும்மா.”

குடித்தார். கழுவாமலே திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினார்.

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க பிராமி அந்த அலமாரியைத் திறக்கவில்லை. தை பிறந்ததும் ஜோசுவாவை வரச்சொன்னாள்.

ஜோசுவாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஜரிகைக் கடை. ரிஷபதாஸுக்குக் கூட்டாளியும் அவர்தான், எதிராளியும் அவர்தான். சென்னையின் பழைய சாமான் கடைகளில் இருவரும் புழுதி குடித்து அலைந்து, அந்த ஆறு டம்ளர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் ஜனங்கள் வேலையில்லாமல் தவித்த காலத்துக் கண்ணாடி. சாப்பாட்டுக்கே வழியில்லாத நாளில் டம்ளரில் திராட்சைக்கொடி பொறிக்க யாருக்கு மனசு வந்ததோ என்று ரிஷபதாஸ் மாய்ந்துமாய்ந்து போவார்.

ஐந்தில் கொடி உண்டு. ஆறாவதில்தான் தகராறு.

தேய்ந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது என்பார் அவர். அது சோடாக்கடை டம்ளர் என்பார் ஜோசுவா. அதை மட்டும் ரிஷபதாஸ் ஜோசுவாவின் கையில் கொடுத்ததே இல்லை. தூரத்தில் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார். இந்தச் சண்டைக்காகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜோசுவாவின் வண்டி முசரவாக்கத்தில் ரிஷபதாஸ் வீட்டுக்கு வந்துவிடும்.

“எனக்கப்புறம் ஆறும் அவனுக்குத்தான். ஆனா ஆறாவதும் நெஜம்னு அவன் வாயால சொல்லணும்.”

ரிஷபதாஸ் எப்போதும் சொல்லிவந்தது இது. அதற்காகத்தான் பிராமி இப்போது காத்து நின்றாள். இந்த ஒரு தடவை அவர் ஜெயிக்க வேண்டும்.

ஜோசுவா ஒவ்வொன்றாக வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊதினார். மூச்சின் பனியில் மங்கிய கோடுகள் எழுந்து வந்தன. இலை, சுருள், பழக்கொத்து.

ஆறாவதை அடிப்பக்கம் பிடித்து எடுத்தார். ஊதினார். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“அண்ணி! அண்ணன் சொன்னது நெஜம். கொடி இருக்குது!”

பிராமி குனிந்து பார்த்தாள்.

வெண்பனிக்குள் இழையிழையாகக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்திருந்தன. குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு.

அந்த வெட்டுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவள்தான். உடைந்த கண்ணாடி விளிம்பொன்றில் அவர் அறுத்துக்கொண்ட கட்டைவிரல். ரேஷன் கடை மெஷின் அந்த விரலை ஒருநாளும் ஏற்றதில்லை. “வேற வெரல் வைங்க நைனாரே” என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார்.

மெஷின் தள்ளிய ரேகையைக் கண்ணாடி ஓர் இழைகூட விடாமல் வாங்கி வைத்திருந்தது.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் ஜெயித்துவிடுவார்.

இன்னும் தெளிவாகப் பார்க்க ஜோசுவா கைக்குட்டையை எடுத்தார். பிராமி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடைக்காதீங்கப்பா. அது கொடி இல்ல. அவரு கட்டவெரலு. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

ஜோசுவா டம்ளரைப் பார்த்தார். மெதுவாக மேசைமேல் வைத்தார். பிறகு ஜெபத்துக்கு எழுவதுபோல எழுந்து நின்றார்.

பனி ஓரத்திலிருந்து கரைந்தது. கோடுகள் போயின. அந்த வெட்டு மட்டும் கொஞ்சம் நின்றது. அதுவும் போயிற்று.

இதுல குடிச்சா ஒண்ணும் ஆவாது. அவள் மெல்லச் சிரித்தாள். அது சோடாக்கடை டம்ளர் என்று அத்தனை வருஷமும் தெரிந்தேதான் சண்டை போட்டிருக்கிறார்.

ஜோசுவா ஒரு டம்ளரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆறையும் அவரே அலமாரியில் வைத்தார். ஆறாவதை அடிப்பக்கம் பிடித்துத்தான் வைத்தார்.

வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்: “நான் ஒத்துக்கல அண்ணி. அது கொடிதான். ஞாயித்துக்கெழம வந்து பேசிக்கறேன்.”

அலமாரிக் கதவைச் சாத்தப்போன பிராமி ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மாலை வெயில் ஆறாவது டம்ளருக்குள் புகுந்து மறுபக்கம் ரோஜாநிறமாக விழுந்தது.

அதில் கொடி இல்லை.