மூச்சு விடாதவள்

இந்த வீட்டில் நான் சொன்ன பாட்டை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. ஜப்பானியப் பாட்டு, கம்ப்யூட்டர் குரல் என்றதுமே என் கணவர் முகத்தைச் சுளிப்பார். “பொம்மை பாடறதையெல்லாம் மனுசன் கேப்பானா?” அத்தைக்கோ, பாடுவது யார் வீட்டுப் பெண் என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

இன்று பூண்டு உரித்துக்கொண்டிருந்த வதனி அக்காவின் ஒரு காதில் நானே இயர்போனைச் செருகினேன். அக்கா மூத்த மருமகள். காலையில் அவள் கணவர் அறைந்ததில் கன்னம் வீங்கியிருந்தது. “வெளிய மூச்சு விடக் கூடாது” என்று அத்தை எங்கள் இருவரிடமும் சொல்லியாகிவிட்டது.

பாட்டு வேகமெடுத்தது. அக்காவின் கை நின்றது.

“எங்கடி மூச்சு விடறா இவ?”

“விடவே மாட்டாக்கா. மிஷினுக்கு ஏது மூச்சு?”

கடைசியில் ஒருத்தியாவது கவனித்துக் கேட்கிறாளே என்றிருந்தது எனக்கு. அக்கா மற்ற இயர்போனையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். காது அடைத்திருந்ததால் தன் குரல் உயர்ந்தது அவளுக்கே தெரியவில்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“குடுத்து வெச்சவ!”

கூடத்தில் டிவி சத்தம் சட்டென்று நின்றது.