லோஷன் மணம்

“கையைக் கொண்டாங்கோ!”

கடலால் வந்து இன்னும் கால்கூடக் கழுவாத டெனிஸ்ரனின் கையைப் பிடித்து இழுத்து, மனைவி நிலக்சனா மோந்து பார்த்தாள்.

“மீன்தான் மணக்கும். வேறென்ன?” என்றான் அவன்.

“மேலை மீன். அடியிலை லோஷன். பிள்ளையின்ர லோஷனை ஏனப்பா தொட்டனீங்கள்?”

கனடாவிலிருந்து அவளுடைய அக்கா அனுப்பிய போத்தல். பின்பக்கம் முழுக்க வாயில் நுழையாத பெயர்கள். போன மாதம் யாரோ தந்த பவுடரைப் போட்டு, கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துப் பொங்கி, வீடே ஒரு கிழமை உறங்கவில்லை. மிட்வைஃப் மிஸ் வந்து பார்க்கும்வரை இதை ஒருவரும் தொடக்கூடாது என்பது நிலக்சனாவின் கட்டளை.

“உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளைக்குப் பூசினனீங்களோ?” அவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

“அந்தோனியாராணை இல்லை!”

“அப்ப உங்களுக்கோ? கடலிலை ஆருக்குக் காட்ட?”

“நீர் வேற. பிலிப்பு வள்ளத்திலை வைச்சுக் கேக்கிறான், ‘மச்சான், பச்சைப்பிள்ளை மாதிரி மணக்கிறாய், ஞானஸ்நானம் பிள்ளைக்கோ, உனக்கோ’ எண்டு.”

கதிரையில் இருந்த அவளுடைய மாமனார் பஸ்ரியாம்பிள்ளைக்கு, சிரிக்கப்போய்த் தேத்தண்ணி புரையேறியது. நிலக்சனா திரும்பினாள்.

“மாமா, நீங்களும் கையைக் காட்டுங்கோ.”

“நான் கிழவன், மோனை…”

மோந்தாள். கிழவரும் பால்குடிப் பிள்ளை மாதிரி மணத்தார்.

“பிள்ளைக்கு முதல் எனக்குப் பொங்கட்டும் எண்டு பூசிப் பார்த்தனான்,” என்று முணுமுணுத்தார்.

“அப்பா, நானும் அதுக்குத்தானே!” என்று துள்ளினான் டெனிஸ்ரன்.

தகப்பனும் மகனும் முழங்கைகளை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லை.

“நல்ல சாமான்,” என்றார் கிழவர்.

படலையைத் திறந்துகொண்டு வந்த மிட்வைஃப் இந்துஜா, விசயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஐயா, உங்கட ரெண்டு பேற்றையும் உப்பிலை ஊறின தோல். தார் பூசினாலும் தாங்கும். அதை வைச்சுப் பிள்ளையின்ர தோலுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலுமோ?” போத்தலைத் திருப்பி வாசித்தார். “வாசத்துக்கு மட்டும் நாலைஞ்சு சாமான் போட்டிருக்கு. இது வேண்டாம். வெறும் தண்ணியிலை துடைச்சால் காணும்.”

மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அதுசரி, பாதியைக் காணேல்லை?”

“நான் ஒரு சொட்டுத்தான்,” என்றான் டெனிஸ்ரன்.

“நானும் ஒரு சொட்டுத்தான்,” என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. சிவந்து தடித்திருந்த தன் முழங்கை மடிப்பின் மேல் துவாயை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிலக்சனா பிள்ளையைத் தூக்கினாள்.