வலப்பக்கம் திரும்பினால்

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை.

கணினித் திரைக்கு முன்னால் நின்றார். ஜன்னல் வரை போனார். மறுபடி வந்து நின்றார். காலமெல்லாம் வார்டில் நோயாளிகளைத் தூக்கி இறக்கிய கைகள், இப்போது எதைப் பிடிப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

தீப்பிடித்த அந்த ஆஸ்பத்திரி மாடியைக் கணினிக்குள் மறுபடி எழுப்பியவள் அவள்தான். விசாரணைக் குழு கேட்டதெல்லாம் கதவுகளையும் படிக்கட்டுகளையும் பற்றி. அதை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் இந்த மனிதர் அலுவலக வாசலுக்கு வந்தபடி இருந்தார். ஒரே ஒரு கேள்வி, தினமும் அதே கேள்வி. நேற்று மனசு கேட்காமல், நாளைக்கு வாங்க, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

திரையில் நீண்ட நடைபாதை. இடக்கோடியில், எழுந்து நடக்க முடியாதவர்களின் அறை. வலக்கோடியில் மருந்து அறை. நடுவில் ஒரு நீலப் புள்ளி.

"இது நீங்கண்ணா," என்றாள்.

அவர் விரல் தானாக வலக்கோடிக்குப் போனது. அங்கே மருந்து அறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. நர்ஸாக இருந்த அவர் மனைவி.

புள்ளிகளை யாரும் பிடித்து நகர்த்துவதில்லை என்று அவள் விளக்கினாள். ஒவ்வொன்றுக்கும் சில விதிகள் உண்டு. புகையைக் கண்டால் பக்கத்துக் கதவைத் தேடு. வழியில் நெரிசல் என்றால் ஒதுங்கிப் போ. விதியைக் கொடுத்துவிட்டால் போதும், புள்ளி தானே முடிவெடுக்கும். விதிகள் எல்லாம் தனியாக இருப்பதால், மற்ற எதையும் தொடாமல் ஒரே ஒரு வரியை மாற்றலாம். மாற்றினால் அந்த நாளே வேறு மாதிரி நடக்கும்.

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நடந்தது எனக்குத் தெரியும்மா," என்றார் அவர். "நான் முதல்ல வலப்பக்கம் போயிருந்தா? அத மட்டும் காட்டுங்க."

அன்று அவர் இடப்பக்கம் போனார். நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். மனைவிக்குக் கால் இருக்கிறது, அவள் வந்துவிடுவாள் என்று நினைத்தார். மருந்து அறைக் கதவு சிக்கிக்கொண்டது அவருக்குத் தெரியாது.

நீலப் புள்ளியின் விதியை அவள் மாற்றினாள். மனைவி இருக்கும் பக்கம் முதலில் போ. அவ்வளவுதான் வரி. அதற்குள் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை, அழித்து அழித்து எழுதினாள்.

ஓட விட்டாள்.

நீலம் வலப்பக்கம் திரும்பியது. கூடவே அவர் தோளும் திரும்பியது.

கூரையிலிருந்து சாம்பல் நிறம் இறங்கியது. மருந்து அறைக் கதவை நெருங்குவதற்குள் நீலத்தை மூடியது. நீலம் அணைந்தது. சிவப்பும் அணைந்தது. இடக்கோடியில், யாரும் வராத அறையில், மற்ற புள்ளிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

"இன்னொரு தடவ," என்றார்.

மறுபடி ஓட விட்டாள். புள்ளிகள் கொஞ்சம் வேறு மாதிரி நகர்ந்தன. முடிவு மாறவில்லை.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். அவள் நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

கதவுப் பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"அன்னிக்குப் புகை இவ்ளோ வேகமா வரலம்மா."

திரையை அணைக்கப் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

நேற்று அவர் போன பிறகு, இதே விதியைப் போட்டு அவள் ஓட்டிப் பார்த்திருந்தாள். நீலம் வலப்பக்கம் போய்க் கதவைத் திறந்தது. சிவப்பை அழைத்துக்கொண்டு திரும்பியது. இரண்டு பேர் கையும் சேர்ந்ததில் இடக்கோடி அறையும் புகை வருமுன் காலியானது. எல்லாப் புள்ளிகளும் பத்திரமாக வெளியே போய்ச் சேர்ந்தன. இன்று காலை அவர் வருவதற்கு முன்னால், புகைக்கு இருந்த விதியைத் தேடி எடுத்து, புகை வேகமாக இறங்கும்படி அதில் ஒரு வரியை மாற்றிவைத்திருந்தாள்.

"அண்ணா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

வேண்டாம் என்பது போல் அவர் கையைக் காட்டினார்.

"என் பொண்ணு அவ மாமா வீட்டுல இருக்கா. அம்மாவ நான் விட்டுட்டேன்னு, அவ போனதுலேர்ந்து எங்கூட ஒரு வார்த்த பேசல. நாளைக்கு எப்படியாவது கூட்டிட்டு வர்றேன்."

கதவைத் திறந்தார்.

"அவளுக்கும் இதையே காட்டுங்க. மாத்திடாதீங்க."