பெரிய கோர்ட்டு

"ஏன் அன்ரி கையெழுத்துப் போடேல்ல?"

வக்கீல் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த நிருஜா, யாழ்ப்பாணத்துப் பெண், ஃபைலைப் பார்த்தபடி கேட்டாள்.

வசந்தாமணிக்குப் புரியவில்லை. "எந்தக் கையெழுத்துங்க கண்ணு?"

"கம்பெனிக்காரர் கேஸைக் கவுண்டி கோர்ட்டில இருந்து ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்திப்போட்டினம். மாத்தினதில ஒரு பிழை இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கேட்டிருந்தா, கேஸ் கவுண்டிக்கே வந்திருக்கும். ஆனா முப்பது நாளுக்குள்ள கேக்க வேணும். இண்டைக்கு நாப்பத்திரண்டு."

"பெரிய கோர்ட்டுக்குப் போறது நல்லதுதானுங்களே? சுவாமிநாதன் சார் சொன்னாருங்க. கவுண்டி கோர்ட்டுன்னா நம்மூரு முன்சீப் கோர்ட்டாம், ஃபெடரல்னா டெல்லியாம். கோயில்ல அர்ச்சனை பண்ணி எல்லாருக்கும் கேசரிகூடக் கொடுத்தேன்."

நிருஜா சிரிக்கவில்லை.

"இதில பெரிசு, சின்னது இல்லை அன்ரி. கவுண்டி கோர்ட்டில பன்னிரண்டு ஜூரியில பத்துப் பேர் உங்கட பக்கம் சொன்னாக் காணும். ஃபெடரல்ல எல்லாரும் சொல்ல வேணும். கம்பெனிக்கு ஒரேயொரு ஆள் கிடைச்சாப் போதும்."

வசந்தாமணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தொண்ணூற்றேழு நவம்பரில், கேட்டி என்ற அமெரிக்க ஊரில் இருந்த பம்பு கம்பெனியில் கிரேன் சங்கிலி அறுந்து அவள் கணவன் கிட்டுசாமி செத்துப்போனான். 'கவனமில்லாமல் அடியில் போய் நின்றார்' என்று கம்பெனி எழுதி வைத்துவிட்டது. பதினெட்டு வருஷம் ஒரு தப்பு இல்லாமல் வேலை பார்த்த மனுஷன். அந்த ஒரு வரியை அழிக்கத்தான் கேஸ்.

"இனித் திரும்பாதுங்களா?"

"திரும்பாது."

நிருஜா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"யார் அந்த சுவாமிநாதன்? லாயரோ?"

"இல்லீங்க, எஞ்சினியரு. அதே கம்பெனிதான். 'தெரிஞ்சா என் கிரீன் கார்டு அம்போ, ஆனாலும் மனசு கேக்கலைம்மா'ன்னு வருவாரு. எனக்கு இங்கிலீஷ்ல யெஸ், நோ, தேங்க்யூதான். லெட்டர் வந்தா அவருதான் படிச்சுச் சொல்லுவாரு. வக்கீலுகிட்டப் போன்ல பேசறதும் அவருதான்."

"அவருக்கு விளங்காட்டா விளங்கேல்லை எண்டு சொல்ல வேண்டியதுதானே? கோர்ட் விசயம் எஞ்சினியருக்கு என்ன தெரியும்?" நிருஜாவின் கை போனுக்குப் போனது. "நம்பர் தாங்கோ. நாலு வார்த்தை கேக்கிறன்."

"வேண்டாம் கண்ணு." வசந்தாமணி அவள் கையைப் பிடித்தாள். "தெரியாமச் சொல்லிட்டாரு. காரியத்தன்னைக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. அவரு ஒருத்தருதான் நின்னு பாத்திரம் கழுவிக் கொடுத்தாரு. இது தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. எனக்காகச் சொல்லாதீங்க."

நிருஜா போனை வைத்தாள். பெருமூச்சோடு ஃபைலைப் புரட்டினாள். போன் குறிப்புகள் இருந்த பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அவர் ரெண்டு தரம் போன் அடிச்சிருக்கிறார் அன்ரி. முதல் தரம், 'மேடத்துக்கு ஃபெடரல்தான் விருப்பம், கையெழுத்துப் போட மாட்டா' எண்டு சொல்ல."

"அதாங்க, நல்லதுன்னு நெனச்சு..."

"மற்றது முப்பத்தோராம் நாள் காலையில." நிருஜா தலை நிமிரவில்லை. "'இனி எப்படியும் திருப்ப ஏலாதுதானே' எண்டு கேட்டு உறுதிப்படுத்தினவர்."