எத்திராஜுக்கு எதிரே ஒரு காவல் இயந்திரம்

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் எத்திராஜின் வேலை அன்றைய கூட்டத்தில் ஊசலாடியது. சுவர்த்திரையில் அவரையும் புதிய காவல் இயந்திரத்தையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தார்கள். தூக்கம்: இயந்திரத்துக்குக் கிடையாது, எத்திராஜுக்கு ஆறு மணிநேரம். பார்வை: இயந்திரத்துக்கு இரண்டு கிலோமீட்டர், எத்திராஜுக்கு மூக்குக்கண்ணாடி. மனிதர் வெளிறிப்போனார்.

செயலாளர் நாகலிங்கம் உற்சாகமாகக் கடைசி வரிக்கு வந்தார். "ஞாபகம். வந்தவங்க முகத்தையெல்லாம் இது பத்து வருசம் வச்சிருக்கும். வீட்டு ஆளுங்க யார் கேட்டாலும் காட்டும். உமக்கு எப்படிய்யா?"

எத்திராஜ் தலையைச் சொறிந்தார். "நேத்து மதியம் எந்த வீட்டுக்கு யார் வந்தாங்கன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல சார்."

கூட்டத்தில் கணவன் மனைவியர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

நாகலிங்கம் அவசரமாகத் திரையை அணைத்தார். "எத்திராஜே இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க."

நாகலிங்கத்தின் கைதான் முதலில் உயரும் என்று நினைத்தேன். அவர் மனைவி முந்திக்கொண்டார்.